பாராட்டு வாங்கிய நோய்

பெரியப்பா மகளின் கல்யாணம் கோலாலம்பூருக்குப் பக்கத்தில், கிள்ளானில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மணப்பெண்ணுக்குத் தோழியாக நான் மேடையில் நின்றேன். விளக்குகள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தன. காதுக்குள் ஏதோ ரீங்கரித்துக்கொண்டே இருந்தது. விழுந்துவிடக் கூடாதென்று மணவறைத் தூணை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தேன். மேடையை விட்டு இறங்கியதும் அத்தைமார்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஐயோ, எப்படிடீ இப்படிக் குறைஞ்ச? போன தீபாவளிக்கு எப்படி இருந்த!"

"இப்பதான் சேலை அழகா நிக்குது. இடுப்பப் பாரு!"

"எங்களுக்கும் அந்த ரகசியத்தச் சொல்லேன் லா."

பெரியம்மா தன் கடைசி மகளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து என்முன் நிறுத்தினார். பள்ளிக்கூடம் போகும் பெண். "பாத்தியா அக்காவ? மனசு வெச்சா முடியும்" என்றார். அந்தப் பெண் கையில் வைத்திருந்த லட்டைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

அப்போதுதான் சாப்பாட்டுக் கூடத்தில் ஏதோ கவிழ்கிற சத்தம் கேட்டது. என் அண்ணன். குடித்துவிட்டு வந்திருந்தான். வரிசையில் நிற்கும்போது தடுமாறிப் பரிமாறுகிறவர்மேல் சாய்ந்து, சாம்பார் வாளி அவன்மேலேயே கொட்டியிருந்தது. அப்பா வேகமாகப் போய், அத்தனை பேர் முன்னால் அவன் கன்னத்தில் அறைந்தார். "மானத்த வாங்கவே பொறந்திருக்கான்" என்று சொல்லிக்கொண்டே சட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனார். முப்பதைத் தாண்டிய ஆள். மஞ்சள் கறைச் சட்டையோடு கார் நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்திருந்தான்.

திரும்பி வந்த அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த நண்பரிடம் என் தோளில் கைபோட்டுச் சொன்னார்: "இது என் பொண்ணு. பிரிக்பீல்ட்ஸ்ல, இன்சூரன்ஸ் ஆபீஸ்ல வேலை. இவளாலதான் நான் தலைநிமிந்து நிக்கறேன்."

எங்கள் இரண்டு பேருக்கும் நோய் இருந்தது. அவனுக்கு அறை விழுந்தது, எனக்குப் பாராட்டு கிடைத்தது. இதை எழுதும்போதுகூட எனக்கு உடம்பு சூடாகிறது.

அண்ணன் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டினான். அங்கேதான் குடி தொடங்கியது என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து அது அதற்கு முன்பே, பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவுடனே, வீட்டில் அப்பா அவனைத் தினமும் மற்ற பையன்களோடு ஒப்பிட்டுப் பேசத் தொடங்கிய காலத்திலேயே தொடங்கிவிட்டது. முதலில் பீர், பிறகு சம்சு. மலிவுச் சாராயத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். அவனைத் திருத்த வீட்டில் எல்லாம் செய்து பார்த்தார்கள். கோவிலில் கயிறு கட்டினார்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க வைத்தார்கள். அம்மா கையில் சூடம் ஏற்றிச் சத்தியம் வாங்கினார். சத்தியம் உடையும்போதெல்லாம் "இவனுக்கு நெஞ்சே இல்ல" என்றார்கள். இதற்கு ஒரு மருத்துவம் உண்டு என்று ஒருவரும் வாயெடுத்துச் சொல்லவில்லை.

என் கதை அப்படி ஊருக்குத் தெரிகிற மாதிரி நடக்கவில்லை. பள்ளியில் ஆண்டு விழாவுக்கு நடனம் கற்றுக்கொடுத்த டீச்சர், மாணவிகள் எல்லார் முன்னாலும், "உனக்கு நல்லா ஆட வருது. ஆனா மேடைக்கு ஒரு உடம்பு வேணும்மா" என்று சொல்லி என்னைத் திரை இழுக்கிற வேலைக்கு மாற்றினார். அவருக்கு அது ஒரு சாதாரண ஏற்பாடு. நான் அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்றேன். அது ஒரு நாள். பிறகு இன்னொரு நாள். பசியைத் தாங்குவது எனக்குச் சுலபமாக வந்தது, அதில் ஒரு கர்வமும் வந்தது. ஆனால் பசி சும்மா விடுமா? சில நாட்களில் அடுப்படியில் நின்றபடியே, கறி ஆறிப்போன சட்டியில் இருந்து, ருசிகூடத் தெரியாமல் அள்ளி அள்ளித் தின்பேன். தின்று முடித்ததும் பயம் வரும். எல்லாவற்றையும் வெளியே எடுத்தால்தான் அந்தப் பயம் அடங்கும். அதன் பிறகு சில நிமிடங்கள் மனசுக்குள் ஒரு அமைதி இருக்கும். அந்த அமைதிக்காகத்தான் அத்தனையும்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஆபீஸில் ஒரு அக்கா உடம்பு இளைக்க மாத்திரை தரும் ஒரு கிளினிக்கைக் காட்டிவிட்டார். கோலாலம்பூரில் நல்ல இடம். வாசலில் ஆர்க்கிட் பூ, உள்ளே ஏசி, சுவரில் சிரிக்கிற மெல்லிய பெண்களின் படங்கள். டாக்டர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கல்யாணமா?" என்று கேட்டார். ஆமாம், சொந்தத்தில் ஒரு கல்யாணம் வருகிறது என்றேன். "ஓகே, அதுக்குள்ள குறைச்சிடலாம்." நான் சாப்பிடுகிறேனா, தூங்குகிறேனா, வாந்தி எடுக்கிறேனா, எதையுமே கேட்கவில்லை. எடை பார்த்தார், சின்னப் பிளாஸ்டிக் பையில் மாத்திரை தந்தார், அவ்வளவுதான்.

அந்த மாத்திரை போட்டால் பசியே தெரியாது. நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும். ராத்திரி முழுக்கக் கண் திறந்தே கிடப்பேன். நிறுத்தினால் கை நடுங்கும், எரிச்சல் வரும், உலகமே வெறுத்துப்போகும். அதனால் நிறுத்தவில்லை. மறுபடியும் போய் நின்றபோது டாக்டர் மகிழ்ச்சியாக, "வெரி குட், வேலை செய்யுது" என்றார். நான் ஒரு மருந்துக்கு அடிமையாகிவிட்டேன் என்று எனக்கே தோன்றவில்லை. ரசீது கொடுத்து விற்கிற பொருளுக்கு யாராவது அடிமையாவார்களா என்றுதான் நினைத்திருந்தேன்.

கல்யாண மண்டப அவமானத்துக்குப் பிறகு அப்பா அண்ணனைச் சுங்கை பூலோ பக்கம் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தார். அவன் மறுக்காமல் போனான். அதற்குச் சில வாரங்களுக்குள், வேலைக்குப் போகக் கிள்ளான் ஸ்டேஷனில் கொமுட்டர் ரயிலுக்குக் காத்திருந்தபோது நான் விழுந்துவிட்டேன். கண் திறந்தபோது அரசாங்க மருத்துவமனையில் கையில் ட்ரிப் ஏறிக்கொண்டிருந்தது. இளம் டாக்டர், தமிழ்ப் பெண், ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டுக் கட்டிலருகே வந்தார். பொட்டாசியம் மிகவும் குறைந்திருக்கிறது, இதயத்துக்கே ஆபத்து என்றார். குரலைத் தணித்து, "சாப்பிட்டதும் வாந்தி எடுக்கிறீங்களாம்மா? ஏதாவது மாத்திரை எடுக்கிறீங்களா?" என்று கேட்டார்.

நான் வாய் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டார். "என் பொண்ணு நல்லா சாப்பிடுவா டாக்டர். எங்க வீட்ல சாப்பாட்டுக்கு என்ன குறை? இவளுக்கு காஸ்ட்ரிக் இருக்கு. சின்ன வயசுல இருந்தே காஸ்ட்ரிக்."

டாக்டர் அம்மாவிடம் பொறுமையாகச் சொன்னார், இது வயிற்றுக் கோளாறு மட்டும் இல்லை, உளவியல் நிபுணர் ஒருவரைப் பார்க்க வேண்டும், நானே எழுதித் தருகிறேன் என்று. அம்மாவின் முகம் வெளுத்தது.

"இவளுக்கு என்ன பைத்தியமா? இன்னும் கல்யாணம் ஆகணும் டாக்டர்!"

வீட்டுக்கு வந்ததும் விசாரித்த அத்தனை பேரிடமும் காஸ்ட்ரிக் என்றே சொன்னார். அண்ணன் குடித்தான் என்பது கிள்ளானில் பாதிப் பேருக்குத் தெரியும். அதை மறைக்க முடியாது. என்னை மறைக்க முடிந்தது, மறைத்தார்கள். அம்மாவை நான் கெட்டவர் என்று சொல்லவில்லை. பயந்திருந்தார். ஆனால் அந்தப் பயத்துக்குள் என் உயிர் இரண்டாவது இடத்தில் இருந்தது, என் சம்பந்தம் முதல் இடத்தில் இருந்தது. அதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

மறுவாழ்வு இல்லத்தில் குடும்பத்தாரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசும் நாள் ஒன்று வந்தது. அப்பா, அம்மா, நான் மூவரும் போனோம். பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. மின்விசிறி கடகடத்தது. அண்ணன் மெலிந்திருந்தான், ஆனால் கண்கள் தெளிவாக இருந்தன. அங்கே ஆலோசகராக இருந்தவர் நடுத்தர வயதுக்காரர். அவரே ஒரு காலத்தில் குடித்து மீண்டவராம். அண்ணனிடம், "குடிக்கணும்னு தோணும்போது உள்ள என்ன நடக்கும்? குடும்பத்துக்கு நீங்களே சொல்லுங்க" என்றார்.

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"காலைல எழும்போதே இன்னைக்கு வேணாம்னுதான் நெனப்பேன். மத்தியானம் வரைக்கும் அதே நெனப்பு. அப்புறம் யாராவது ஏதாவது சொல்லுவாங்க, இல்ல நானே எதையாவது நெனச்சுக்குவேன். மண்டைக்குள்ள ஒரே சத்தம். முதல் கிளாஸ் உள்ள போனதும் அந்தச் சத்தம் நிக்கும். அதுக்காகத்தான். ருசிக்கா குடிக்கறேன்? அப்புறம் நிறுத்த முடியாது. முடிஞ்சதும் என்னையே எனக்குப் புடிக்காது. பாட்டிலை ஒளிச்சு வைப்பேன். நாளைக்கு வேணாம்னு சத்தியம் பண்ணுவேன்."

என் வாழ்க்கையை அவன் சொல்லிக்கொண்டிருந்தான். கிளாஸ், பாட்டில் என்று அவன் சொன்ன இடத்தில் சோறு என்று மாற்றினால் போதும், ஒரு வார்த்தை பிசகாது.

"எனக்கும் அப்படித்தான்" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"எனக்கும் அதே சத்தம். அண்ணே குடிக்கறாரு. நான் சாப்பிட்டு வாந்தி எடுக்கறேன். மாத்திரையும் போடறேன். என்னாலயும் நிறுத்த முடியல."

அப்பா முதலில் பேசினார். "நீ சும்மா இரு. இன்னைக்கு அவனுக்காக வந்திருக்கோம். இதுல நீ வேற."

ஆலோசகரைப் பார்த்தேன். குடியை இத்தனை நன்றாக அறிந்தவர், இவருக்காவது புரியும் என்று நினைத்தேன். அவர் சங்கடமாகச் சிரித்தார். "அது வேற விஷயம்மா. பொம்பளப் புள்ளைங்க டயட்டு அது இதுன்னு பண்றதுதான். வேளாவேளைக்கு நல்லா சாப்பிடுங்க, சரியாயிடும்."

நல்லா சாப்பிடுங்க! குடிகாரனிடம் போய் "குடிக்காதீங்க, சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் இந்த மனிதர் விழுந்து விழுந்து சிரிப்பார். அதையே என்னிடம் சிகிச்சை போலச் சொன்னார். எனக்கு அழுகைகூட வரவில்லை.

அப்போது அண்ணன் எழுந்து நின்றான். "சார், அவள பேச விடுங்க. அப்பா, நீங்களும்தான். எனக்கு இது ரொம்ப நாளா தெரியும். குடிச்சுக் குடிச்சு வாந்தி எடுக்கறவன், எனக்கு அந்த வாசனை தெரியாதா? ஒரே பாத்ரூம் தானே நம்ம வீட்ல." பிறகு என்னைப் பார்த்தான். "நான் கேட்டா நீ என் குடியப் பத்திக் கேப்பன்னு பேசாம இருந்துட்டேன் மா. ஆனா இது டயட்டு இல்ல. இது எனக்கு இருக்கறதுதான்."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதார். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். என் வீட்டிலேயே என்னை நம்பிய முதல் ஆள், எல்லாரும் கைவிட்ட அந்தக் குடிகாரன்தான்.

மருத்துவமனை டாக்டர் எழுதித் தந்த உளவியல் நிபுணரைப் பார்க்க நான் தனியாகப் போனேன். பிரிக்பீல்ட்ஸில், என் ஆபீஸுக்கு இரண்டு தெரு தள்ளி, மாடியில் சிறிய அறை. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தடுமாறும்; பாதி ஆங்கிலத்தில்தான் பேசினோம். முதல் நாள் நான் சொன்னது எதற்கும் அவர் அதிர்ச்சியைக் காட்டவில்லை. அதுவே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. எவ்வளவு எடை என்று கேட்காமல், "சாப்பிடும்போது என்ன அமைதியாகுது? எதுகிட்ட இருந்து தப்பிக்கறீங்க?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லப் பல வாரங்கள் ஆயின.

அவர் சொல்லித் தந்ததில் சிலவற்றை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன், ஏனென்றால் இதை எனக்கு யாரும் முன்பே சொல்லவில்லை. இது அழகு ஆசை இல்லை. பிடிவாதமும் இல்லை. பட்டினி கிடந்த உடம்பு ஒரு நாள் அள்ளித் தின்னத்தான் செய்யும். அது பேராசை இல்லை, உயிர் பிழைக்கப் பார்க்கிறது. தாங்க முடியாத ஒரு உணர்ச்சியை அமுக்க மனம் ஒரு வழியைக் கண்டுபிடிக்கிறது. ஒருவருக்குச் சாராயம், ஒருவருக்கு மாத்திரை, ஒருவருக்குச் சோறு. சிலருக்கு இரண்டு சேர்ந்தே வரும், எனக்கு வந்தது போல. ஒன்றை நிறுத்தினால் இன்னொன்று தலை தூக்கும். அதனால் இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். உருவத்தைப் பார்த்து இந்த நோயைச் சொல்ல முடியாது. குண்டாக இருக்கிறவருக்கும் இருக்கலாம், ஆணுக்கும் இருக்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணனுக்கும் எனக்கும் வித்தியாசம் இருந்தது. அவன் பாட்டிலைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு பக்கம் திரும்பி நடக்கலாம். நான் தட்டைத் தூக்கி எறிய முடியாது. என் எதிரியோடு மூன்று வேளையும் உட்கார்ந்தாக வேண்டும். காலையில் இரண்டு இட்லி எனக்கு மருந்து என்று அந்த நிபுணர் சொன்னார். அந்த இரண்டு இட்லியைச் சாப்பிட்டு, சாப்பிட்டதை வைத்துக்கொண்டு, ரயிலில் உட்கார்ந்திருப்பது எப்பேர்ப்பட்ட வேலை என்று அதைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும். மாத்திரையை டாக்டர்கள் மேற்பார்வையில் நிறுத்தினேன். அந்த நாட்களில் படுக்கையை விட்டு எழக்கூட முடியவில்லை.

அண்ணன் இல்லத்தில் இருந்து வந்த பிறகு அவனிடம் அந்தக் கிளினிக் பற்றிச் சொன்னேன். "வா, போய்க் கேப்போம்" என்றான். நான் வேண்டாம் என்றேன். அவன் விடவில்லை. ஒரு சனிக்கிழமை காலை போனோம். வரவேற்பில் இருந்த பெண் அண்ணனின் செருப்பையும் கையில் குத்தியிருந்த பச்சையையும் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். டாக்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "கொஞ்சம் ஏறிடுச்சு போல" என்றார். அதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை.

"டாக்டர், உங்க மாத்திரையால நான் ஆஸ்பத்திரில கிடந்தேன்" என்றேன். "எனக்கு ஏற்கெனவே சாப்பாட்டுப் பிரச்சினை இருந்துச்சு. நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும்."

"நீங்க சொல்லலையே மிஸ். இங்க யாரும் யாரையும் வற்புறுத்தறது இல்ல. நீங்களா வந்தீங்க, நீங்களா கேட்டீங்க."

அண்ணன் மேசையில் கையூன்றிக் குனிந்தான். குரலை உயர்த்தவில்லை. "எனக்குச் சம்சு வித்தவனும் இதையேதான் சொன்னான் டாக்டர். ஆனா அவன் வெள்ளக் கோட்டு போட்டுக்கிட்டுச் சொல்லல."

காவலாளியைக் கூப்பிடுவேன் என்றார் டாக்டர். கூப்பிடுங்கள் என்றேன். என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. காத்திருந்த பெண்களிடம் திரும்பி, எனக்கு நடந்ததை அப்படியே சொன்னேன். ஒருத்தி மட்டும் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். மற்றவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் உட்கார்ந்திருப்பேன். பிறகு சுகாதாரத் துறையிடம் முறைப்படி புகாரும் கொடுத்தேன். விசாரிக்கிறோம் என்றார்கள். கிளினிக் இன்னும் திறந்துதான் இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை அந்தத் தெருவைக் கடக்கிறேன்.

அண்ணன் நடுவில் ஒருமுறை தவறினான். உறவுக்காரர்கள், "அதான் தெரியுமே" என்றார்கள். அவனே இல்லத்துக்குப் போன் செய்து, அவனே பஸ் ஏறித் திரும்பிப் போனான். இப்போது ஒரு கிடங்கில் வேலை செய்கிறான், குடிப்பதில்லை. எனக்கும் மோசமான நாட்கள் வரும். முன்பு போல மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போவதில்லை. யாரிடம் சொல்வது என்று தெரியும்.

சமீபத்தில் ஒரு நாள் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் உளவியல் நிபுணரைப் பார்க்கக் கிளம்பினேன். அப்பா கார் சாவியை எடுத்தார். "வா, கொண்டுபோய் விடறேன்." இத்தனை நாளில் அதுதான் முதல் முறை. பெடரல் ஹைவேயில் வண்டிகள் நகராமல் நின்றன. வைப்பரின் சத்தம் மட்டும் கேட்டது. அப்பா முன்கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார்:

"நீ மெலிஞ்சிருந்தப்ப எனக்கு ரொம்பப் பெருமையா இருந்துச்சும்மா. எல்லாரும் அப்படிச் சொன்னாங்க. நான் வேற என்னத்தக் கண்டேன்?"

இதை அவர் ஒரு மன்னிப்பாகச் சொன்னார் என்று இப்போது புரிகிறது. அப்போது எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"நான் செத்துப் போயிருந்தா அப்பா? அப்பவும் ஒல்லியாத்தானே இருந்திருப்பேன்."

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அப்பாவின் விரல்கள் இறுகின. நான் அவரைச் சமாதானப்படுத்தவில்லை. இத்தனை வருஷம் மற்றவர்கள் மனசு நோகாமல் பேசிப் பேசித்தான் நான் அந்த நிலைக்கு வந்தேன். இது அவருக்கு நோகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிரிக்பீல்ட்ஸ் வந்ததும், மழை இன்னும் விடாததால், கட்டடத்தின் வாசலுக்கு மிக அருகில் வண்டியை நிறுத்தினார். பின்னால் வந்த லோரிக்காரர் ஹார்ன் அடித்தார். அப்பா அதைக் காதில் வாங்காமல், "முடிஞ்சதும் கூப்பிடு. இங்கதான் இருப்பேன்" என்றார். நான் தலையாட்டிவிட்டு இறங்கி, மாடிப்படி ஏறினேன்.